மடுவில் விட்ட கவுன்

தண்ணீரில் ஊறிய பாவாடையைத் துறட்டியில் மாட்டி இழுத்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். மேலே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வந்தபின் கையில் பட்டால் பாசியும் சோப்பும் சேர்ந்து, யாரோ துப்பிய எச்சிலைத் தொட்டதுபோல் வழுவழுவென்று இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. மடுவில் இருக்கும் மீன்கள் செத்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான்.

வேட்டி, சேலை, லுங்கி, ஜீன்ஸ் பேண்ட், ஒற்றைச் சாக்ஸ், குழந்தைக்கு மாட்டும் டயப்பர், எல்லாம் என் துறட்டியில் ஏறியிருக்கின்றன. ஜட்டி என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு? ஒருமுறை ஒரு முழுக்கை சட்டையை இழுத்தபோது கைக்குள் ஏதோ நெளிந்தது. பாம்பு என்று நினைத்து உதறினேன். நண்டு. ஐந்தாறு நண்டு உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல், இரண்டு செத்து, மற்றவை செத்ததைத் தின்றுகொண்டிருந்தன. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாட்டைச் சேர்ந்தது. செம்மேட்டிலிருந்து வரும் ரோடு எங்கள் ஊருக்கு முன்னால் ஒரு பாலத்தைத் தாண்டும். பாலத்துக்குக் கீழே ஆறு பாறைமேல் வழிந்து இறங்கி, கொஞ்ச தூரம் அமைதியாக நின்றுவிட்டுப் பிறகு கீழே அருவியாகக் குதிக்கிறது. அது நிற்கிற இடம்தான் மடு. ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து குழம்பாக ஓடும். மார்கழி பிறந்தால் தெளிந்துவிடும். ஆள் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லில் இருக்கும் கோடுகூட மேலிருந்து தெரியும்.

கரையில் ஒரு பெரிய அத்திமரம், அடியில் ஒரு சாமிக்கல். கிளை மடுவின்மேல் சாய்ந்திருக்கும். பழுத்த காலத்தில் மலையணில் ஒன்று வந்து பாதி தின்று பாதியைக் கீழே போடும். அத்திப்பழம் தண்ணீரில் "தொளக்" என்று விழுந்த சத்தம் அடங்குமுன் மீன்கள் மேலே வந்துவிடும். எல்லாம் கெண்டை இனம். முதுகு பாறை நிறம், திரும்பினால் வயிற்றில் பித்தளைச் செம்பு விளக்கியதுபோல் ஒரு மினுக்கு. அதில் ஒன்றுக்கு நெற்றி மட்டும் கருத்திருக்கும், என் முழங்கை நீளம். அதுதான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதன் பின்னால். கண்ணால் பார்த்து வருவதில்லை அவை. சத்தம் கேட்டுத்தான் வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில், விடிகாலையில் தண்ணீர் எடுக்கப் போனால் எவனோ விசிலடிப்பான். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கையில் கல்லோடு தேடிப் போனேன். பாறையிடுக்கில் ஒரு கருநீலக் குருவி உட்கார்ந்து, வேலைவெட்டி இல்லாத ஆள் மாதிரி இழுத்து இழுத்து விசிலடித்துக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த ஆற்றங்கரை எனக்குப் பிடித்துப்போனது. ஊரில் எனக்குப் பழக்கமான முதல் ஆள் அந்தக் குருவிதான்.

மடுவில் எங்கள் ஊர்க்காரர்கள் மீன் பிடிக்கமாட்டார்கள். சாமி மீன். புதுச் சாமை அறுத்துக் குத்தினால் முதல் கைப்பிடி மீனுக்கு. அவை மேலே வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் வீட்டில் உலை வைப்போம். மீன் வாங்கவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்றார்.

பாலத்தருகே எனக்கு ஒரு சின்னக் கடை. சீசனில் அன்னாசிப்பழம் பத்தை போட்டு மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பேன். அது இல்லாத நாளில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. மீனுக்குப் போடப் பொரியும் வைத்திருந்தேன். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் அப்போதும் உண்டு. பாட்டிலை உடைப்பார்கள், ஈரல் வறுவல் தின்றுவிட்டு வாழையிலையைத் தண்ணீரில் விடுவார்கள், செல்போனைப் பார்த்து இளித்துக்கொண்டே வழுக்கி விழுவார்கள். திட்டிக்கொண்டே பொறுக்கிப் போடுவேன். ஆறும் தாங்கியது, நானும் தாங்கினேன்.

ஒரு மாசி மாதம் அடிவாரத்திலிருந்து ஒரு பெண் புருஷனோடும் மகளோடும் வந்தாள். இரண்டு பேரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். கை காய்த்திருந்தது. மகளுக்கு நாலு வயதிருக்கும். வலிப்பு வருகிற பிள்ளை, டவுனில் வைத்தியம் பார்க்கிறார்கள், எங்கே வேண்டுதல் என்றாலும் போகிறார்கள். கிழங்கு தின்றுகொண்டே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு பிள்ளையைக் குளிப்பாட்ட மடுவில் இறக்கினாள். கழற்றிப் பாறையில் வைத்த மஞ்சள் கவுனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது உப்பிக்கொண்டு மிதந்து, அருவி விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கிவிட்டது.

கவுனுக்கு அழுகிறாளா என்று முதலில் நினைத்தேன். பிள்ளையின் துணி ஆற்றோடு போனது கெட்ட சகுனம் என்று பாறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை மிரண்டு அம்மணமாக நடுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று சொல்வதில்லையா? அதுமாதிரி ஒரு ஆறுதல்தான் சொன்னேன்.

"அழுவாத கண்ணு. கவுனு மட்டுமா போச்சு? புள்ளையப் புடிச்ச பீடையும் அதுகூடவே போச்சுன்னு நெனச்சுக்க."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கே பெருமையாக இருந்தது. என் துண்டைக் கொடுத்துப் பிள்ளையைச் சுற்றி அனுப்பினேன்.

வைகாசியில் ஒரு வேன் வந்து நின்றது. அந்தப் பெண்தான் முதலில் இறங்கினாள். பிள்ளைக்கு அன்றைக்குப் பிறகு வலிப்பே வரவில்லையாம். என் காலில் விழ வந்தாள், நான் தள்ளி நின்றேன். கூட வந்த சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேரும் மடுவில் முங்கி எழுந்து, கட்டியிருந்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, புதுத்துணி மாற்றிக்கொண்டு போனார்கள். எல்லோரும் பொரி வாங்கினார்கள். கூடையில் அன்னாசி மிச்சமில்லை. சும்மா சொன்னதம்மா என்று அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

அதன்பிறகு கேட்கவா வேண்டும்? ஒரு வேன் இரண்டாகி, ஞாயிற்றுக்கிழமையானால் பாலத்தில் பஸ் திரும்ப இடமில்லை. கடன்காரன், கல்யாணம் ஆகாதவன், கோர்ட்டு கேஸ் உள்ளவன், எல்லோருக்கும் பீடை. எல்லோர் பீடைக்கும் ஒரு வேட்டி. ஆதியிலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது என்று ஒருவர் என்னிடமே விளக்கினார், என் கிழங்கைத் தின்றுகொண்டே. சாமிக்கல்லுக்குப் பூசை வைக்கிறவர் புதுத் தட்டு வாங்கினார். என் வீட்டுக்காரர் செம்மேட்டுச் சந்தையிலிருந்து மலிவான துண்டுகளைக் கட்டாக வாங்கி வந்து கடையில் தொங்கவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான், அதற்குத் தீனி போட்டது அவர்.

முதலில் மடுவின் நிறம் போனது. பிறகு வாசம் மாறியது. அத்திப்பழ வாசமும் ஈரப்பாறை வாசமும் இருந்த இடத்தில், மழைநாளில் காயாத துணி மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம். துணிகள் அடியில் படிந்து, கூழாங்கல்லை மூடி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆடின. சேலை நீளமாக அசைவதைப் பார்த்தால் யாரோ பெண் கீழே படுத்திருப்பதுபோல் இருக்கும். பாறைமேல் ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, அறுந்த இடுப்புக்கயிறு, வாரி உருட்டிப்போட்ட முடி. சே, என்ன ஜனங்கள்! வீட்டுக்குள் ஒரு முடி சோற்றில் கிடந்தால் தட்டைத் தூக்கி எறிகிறவர்கள்தான் இவர்கள்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது மீன்களைப் பார்த்துத்தான். துணி தண்ணீரில் விழும் சத்தம் அத்திப்பழம் விழும் சத்தம்போல் அவற்றுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு துணி விழும்போதும் ஓடி ஓடி வந்து முட்டும். சோப்பு நுரையை வாய்க்குள் இழுத்துத் துப்பும். ஜனங்கள் சாமி வாங்கிக்கொண்டது என்று கைகூப்புவார்கள். ஒருநாள் ஒரு பனியனின் கைத்துளையில் தலையை விட்ட கெண்டை, செவுள் மாட்டி, வெளியே வர முடியாமல் வெள்ளை வயிறு மேலாக மிதந்தது. பனியன் போட்ட மீன் என்று நாலு பேர் சிரித்துப் படம் எடுத்தார்கள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுத் துறட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

துண்டு வியாபாரத்தை அன்று மாலையே நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அவிழ்த்து வைத்தார். தினமும் மத்தியானத்துக்குமேல் கூட்டம் குறைந்ததும் இழுப்பேன். இழுத்ததைப் பலாமரத்தடியில் குவித்தேன். எரித்தால் நைலான் புகை ஊரையே இருமவைக்கும், புதைக்க இடமில்லை. குவியல் என் உயரத்துக்கு வளர்ந்து, அதிலிருந்து மஞ்சளாக ஒரு தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நாய்கூட அந்தப் பக்கம் போகாது.

அந்த வருஷம் புதுச் சாமையைக் கொண்டுபோய்ப் போட்டபோது மீன்கள் வரவில்லை. தானியம் அப்படியே மிதந்து ஒரு சுடிதாரின்மேல் ஒதுங்கியது. வெகுநேரம் நின்றேன். கடைசியில் விரல் நீளத்தில் இரண்டு குஞ்சுகள் வந்து கொத்திவிட்டு ஓடின. கருநெற்றி வரவில்லை. வீட்டில் உலை வைத்துச் சோறு பொங்கினேன், ஆனால் யாரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது. இந்த மடு மீன் இல்லாமல் வெறும் குட்டையாகிவிடும், அதற்கு நான்தான் காரணம் என்று அப்போதுதான் எனக்குள் முழுசாக உறைத்தது.

வருகிறவர்களிடம் உண்மையைச் சொன்னேன். இந்த வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான், ஒரு பெண் அழுதாள், வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றேன். யார் நம்புகிறார்கள்? சிரித்தார்கள். துணியைப் பொறுக்கிச் சந்தையில் விற்கத்தான் இவள் இப்படிச் சொல்கிறாள் என்று ஒருவன் என் காதுபடச் சொன்னான். பூசை வைக்கிறவர் கோபித்துக்கொண்டார். தகரத்தில் எழுதி அத்திமரத்தில் மாட்டினேன்: துணி விடாதீர்கள். மறுநாள் அந்தத் தகரத்தின்மேல் ஒரு ஈரப் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

நல்லதனமாகச் சொன்னால் கேட்காத ஜனம் பயமுறுத்தினால் கேட்கும். எனக்கு அது தெரிந்திருந்தது, அதனால் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். இதை யோசித்து, தினுசாகச் செய்தேன். கிழங்கை நறுக்கிக்கொண்டே, யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல் சொல்வேன். மடுவில் விட்ட துணி மீன் வாயில் பட்டுவிட்டால் பீடை மூன்று மடங்காக வீட்டுக்கே திரும்பும், போன வாரம்கூட ஒரு குடும்பம் வந்து அழுதது என்று. கேட்டவர் முகம் வெளுக்கும். அடுத்த ஆளிடம் அவரே போய்ச் சொல்வார், ஒரு குடும்பத்தை இரண்டு குடும்பமாக்கி.

ஆடி முடிவதற்குள் துணி விடுவது பாதியாகக் குறைந்தது. தை மாதத்தில் அபூர்வமாக ஒன்றிரண்டு. விட வந்தவர்கள் மடித்துத் திரும்ப எடுத்துப்போனார்கள். அடியில் இருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து முடித்தேன். மழை வந்து ஒருமுறை நன்றாக அலசியது. கூழாங்கல் மறுபடி தெரிந்தது. ஒருநாள் காலையில் அத்திப்பழம் ஒன்று விழுந்தது. கீழேயிருந்து ஏதோ பாறை நகர்வதுபோல் எழுந்து வந்து, கருத்த நெற்றியைக் காட்டி, பழத்தை வாங்கிக்கொண்டு போனது. இத்தனை நாள் அது எங்கே இருந்ததோ, மேலே பாறைகளுக்கு நடுவில் ஆழமான கசத்தில் ஒதுங்கியிருந்ததோ, தெரியாது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

"இனி நீ வாயத் தொறக்காம இருந்தாலே ஆறு பொழைச்சுக்கும்."

மாசியில் அந்த அடிவாரத்துப் பெண் வந்தாள். இந்தமுறை தனியாக, செம்மேடு வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்தே. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நேராக மடுவுக்குப் போனாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, எடுத்த துணியெல்லாம் எங்கே என்று கேட்டாள். பலாமரத்தடியைக் காட்டினேன். எதற்கு என்று கேட்குமுன் அவள் குவியலில் கை வைத்துவிட்டாள்.

நான் இரண்டு வருஷமாகத் துறட்டியில்லாமல் தொடாததை அவள் வெறுங்கையால் பிரித்தாள். ஒட்டிக்கொண்டிருந்ததைக் கிழித்துப் பிரித்தாள். மஞ்சளாக எது வந்தாலும் எடுத்து உதறி, கண்ணருகே வைத்துப் பார்த்து, பக்கத்தில் போட்டாள். பூரான் ஓடியது, அவள் கையை எடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகுதான் சொன்னாள். தை மாதம் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று தரம். ஒருமுறை அடுப்படியில் விழுந்து கை வெந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, மடுவில் விட்ட துணி மீன் வாயில் பட்டால் பீடை மூன்று மடங்காகத் திரும்பும் என்று சொன்னார்களாம். மூன்று தரம் வந்ததே, கணக்குச் சரியாக இருக்கிறதே என்றாள். அந்தக் கவுனை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும் என்று கிளம்பி வந்திருக்கிறாள்.

என் பொய் அடிவாரம் வரைக்கும் போய், அவளைக் கையைப் பிடித்து என்னிடமே கூட்டிவந்திருக்கிறது. கவுன் அன்றைக்கே அருவியில் இறங்கிவிட்டது, நீயும் நானும் பார்த்தோமே என்றேன். தலையாட்டினாள், ஆனாலும் குவியலையே பார்த்தாள். டவுன் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவரிடம் போகப் பயமாக இருக்கிறது, திட்டுவார் என்றாள். ஏன் திட்டுவார்?

"நீங்க பீடை போச்சுன்னு சொன்னீங்கல்லீங்கக்கா. அந்த மாசத்தோட மாத்திரைய நிறுத்திட்டமுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தன் வாயால் தான் மட்டும் கெட்டது. என் வாயால் கெட்டது ஆற்று மீனும், எங்கோ அடிவாரத்தில் கை வெந்து படுத்திருக்கும் ஒரு பிள்ளையும். குவியலில் இருந்த எந்தத் துணியும் அந்த நேரம் எனக்கு என்னைவிட அருவருப்பாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னேன். முதலில் சொன்னதும் பொய், இரண்டாவது சொன்னதும் பொய், இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை, பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்தியதால்தான் வலிப்பு வந்தது என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கு ஏதோ சாமி குத்தம் ஆகிப் புத்தி மாறிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எழுந்துபோய் மறுபடி குவியலில் குனிந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். வெறுங்கையால்தான். இரண்டு பேரும் பொழுது சாயும்வரை தேடினோம். இல்லாததை எங்கே எடுப்பது? கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இவள் இப்படியே போனால் டாக்டரிடம் போகமாட்டாள், நாளைக்கு வேறு ஏதாவது மடுவைத் தேடிப் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி ஒரு கைப்பிடி சாமை எடுத்து வந்தேன். அவள் கையை ஆற்றில் கழுவவைத்து, சாமிக்கல் முன்னால் நிறுத்தினேன். எங்கள் ஊரில் எதுவும் முதலில் மீனுக்குத்தான், அதன்பிறகுதான் எங்களுக்கு என்று சொல்லிச் சாமையைத் தூவினேன். மனசுக்குள் கெஞ்சினேன், இன்றைக்கு வந்துவிடு என்று. தண்ணீர் அசைந்தது. கருநெற்றி வந்தது, பின்னாலேயே ஏழெட்டு. ஒரு மணி விடாமல் வாங்கிக்கொண்டன. அவள் கைகூப்பினாள்.

"மீனு வாங்கிக்கிச்சு, பாத்துக்க. கவுனுக் குத்தம் தீந்துச்சு. ஆனா புள்ளைக்கு மாத்திரைய ஒரு வேள விடாமக் குடுக்கோணும். டாக்டரு சொல்றதுக்கு முன்ன நீயா நிறுத்துனா மீனு கோவிச்சுக்கும்."

மூன்றாவது பொய். இதாவது கடைசியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் மாத்திரை, மாத்திரை என்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்குக் கையில் அந்தக் குவியல் நாற்றம் மூன்று நாள் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஆவணியில் ஒரு ஜீப் வந்து நின்றது. அவள்தான். புருஷன், மகள், கூட இரண்டு பெண்கள். பிள்ளை ஓடிவந்து என் கடையில் அன்னாசி கேட்டது. முழங்கைக்குக் கீழே தீத்தழும்பு வெளுத்து ஆறியிருந்தது. வலிப்பு வந்து ஐந்து மாதமாகிறது, டாக்டர் திட்டிவிட்டு வேறு மாத்திரை எழுதினார், ஒருவேளைகூட விடுவதில்லை என்று அவள் சொன்னபோது என் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது. பிள்ளைக்கு இரண்டு பத்தை சும்மாவே கொடுத்தேன்.

எல்லோரும் மடுவுக்கு இறங்கினார்கள். கையில் மாற்றுத்துணி ஏதும் இல்லை. நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கல்லைக் கும்பிட்டுவிட்டு அவள் பையிலிருந்து புதிதாக வாங்கிய மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றை அழுத்தினாள். வெள்ளையாக ஒரு மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டி மடுவில் போட்டாள்.

நான் துறட்டியைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி இறங்கினேன். அவள் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல மீனுக்கு, அப்பறந்தான் புள்ளைக்கு. அட்டைக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக் கொண்டாந்து போட்டுருவமுங்க. நீங்க சொன்னதுதானுங்கக்கா."

பின்னால் நின்ற இரண்டு பெண்களும் பையைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை, இன்னொருத்திக்குப் பிரஷர். போடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். மீனுக்குப் போடாதே என்றால், பிள்ளைக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவாளோ? பிள்ளை பாறையில் உட்கார்ந்து அன்னாசி தின்றுகொண்டிருந்தது, வாயெல்லாம் மிளகாய்ப்பொடி. மேலே கடையிலிருந்து என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது மாத்திரை விழுந்தது. அத்திப்பழம் விழுகிற அதே சத்தம், கொஞ்சம் சின்னதாக. கீழேயிருந்து கருநெற்றி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. துறட்டி என் கையில்தான் இருந்தது. அதில் மாத்திரை மாட்டாது.